காசை வாங்குறதுக்கு முன்னால விளிம்பைப் பாருங்க

சோமனூர்ல நாலு விசைத்தறி ஓட்டறேனுங்க. நல்ல வருசம் அமைஞ்சா, நகைக்குப் பதிலா ஒரு தங்கக் காசு வாங்குவேன். ஒரு நாடு தன்னோட நூறாவது, நூத்தம்பதாவது வருசத்துக்குன்னு அடிச்ச காசு மட்டும்தான். கையில மூணு சேர்ந்துச்சு. இப்ப இருக்கறது ரெண்டு.

மொதல்ல, அது நாணயமா பதக்கமான்னு பாருங்க. அரசாங்கம் அடிச்ச காசுல பெரும்பாலும் நாட்டுப் பேரும் மதிப்பும் இருக்கும். (நாம பவுன்னு சொல்ற சவரன்ல மதிப்பு போட்டிருக்காது, அது தனிக்கதை.) நம்ம நாட்டுல 1972-ல சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்தது பத்து ரூபாய் வெள்ளிக் காசுதானுங்க, தங்கம் இல்ல. கடையில அடிச்சு விக்கிற 'சுதந்திர நாள்' தங்கக் காசு பதக்கம்தான். அதுக்குத் தங்கத்தோட விலைக்கு மேல பைசா கொடுக்காதீங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது, கனடா 1967-ல நூற்றாண்டுக்கு அடிச்ச 20 டாலர் காசு. மூணு லட்சத்துக்கும் மேல அடிச்சிருக்காங்க, அதனால விலை தங்கத்தை ஒட்டியே நிக்கும். எடை 18.27 கிராம், ரெண்டேகால் பவுனுக்குச் சித்தே தூக்கல். தொண்ணூறு டச்சு, அதாவது நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தங்கம். அப்போ சுத்தத் தங்கம் 16.45 கிராம். அன்னிக்கு 24 கேரட் விலையால பெருக்குங்க. அதுக்கு மேல எவ்வளவு கேக்கறாங்களோ, அதுதான் காசுங்கற பேருக்கு நீங்க கொடுக்கறது.

போலியைக் கண்டுபிடிக்க உரைகல்லுக்குக் கொண்டுபோகாதீங்க, கீறல் விழுந்துரும். நூறுல ஒரு கிராம் வரைக்கும் காட்டற சின்னத் தராசு போதும். டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுமேல வெச்சு, சைபராக்குங்க. காசைத் தையல் நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள இறக்குங்க. அடியிலயும் படக்கூடாது, பக்கத்துலயும் படக்கூடாது. கனடா காசுக்கு 1.05, 1.06-ன்னு காட்டணும். அது காசு ஒதுக்கற தண்ணியோட எடை; தங்கத்தைவிட லேசான உலோகம்னா அதே எடைக்குப் பெருசா இருந்து, கூடக் காட்டும். 1.5 காட்டுச்சுன்னா மரியாதையாத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துருங்க.

அப்புறம் விளிம்பு. நம்ம பக்கத்துல காசுன்னா மாலையில கோக்கறதுக்குன்னே நினைப்பு. வளையம் ஒட்டி எடுத்த காசுல, தலைக்கு நேர் மேலே விளிம்பு வரிகள் மழுங்கி, வளையத்தைப் பொடி வெச்சு ஊதிப் பத்தவெச்ச இடத்துல நிறம் வேறயாத் தெரியும். லென்சை வெச்சு அந்த இடத்தை மட்டும் பார்த்தாப் போதும். அப்படிப்பட்ட காசு தங்க விலைக்குத்தான் போகும்.

வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்கவரியையும் கணக்குல சேத்துக்குங்க. பில்லைக் காசோடவே வைங்க.

கழுவவே கூடாதுங்க. மூணாவது காசு, சிங்கப்பூர் 1969-ல நூத்தம்பதாவது வருசத்துக்கு அடிச்சது. கலங்கரை விளக்கம் போட்டிருக்கும், 24.88 கிராம். ஆயுத பூசைக்கு நான் தறி துடைச்சிட்டிருந்தப்ப, எங்கம்மா அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறவெச்சு, பல்லு விளக்கற பிரஷ்ஷால அழுத்தித் தேய்ச்சு, குங்குமம் வெச்சு சாமிகிட்ட வெச்சிட்டாங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா வட்டவட்டமா மயிரிழைக் கீறல். திட்டவா முடியும்? ஆசாரிகிட்டக் கொடுத்து வளையம் வெச்சாச்சு. 150 டாலர்னு போட்ட காசு, இப்ப எங்கம்மா சங்கிலியில டாலராத் தொங்குது.