வாசனை இல்லாத ஃபேஸ்வாஷும் டே க்ரீமும்: குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி?

கன்னம் எரிச்சலும் மூக்கோரத்தில் சிவப்பும் உள்ளவர்கள் முதலில் விட வேண்டியது வாசனையைத்தான். அழகுப் பொருள்களால் வரும் ஒவ்வாமைக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. இதற்காகப் பெரிய செலவு தேவையில்லை.

1. டப்பாவைத் திருப்புங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். முன்பக்கத்தில் 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் மூக்குக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். மூலப்பொருளின் நெடியை அமுக்க உள்ளே வேறொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். நமக்கு வேண்டியது 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ', அதாவது வாசனைப் பொருளே சேர்க்காதது. அதையும் நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெலால் ஆகியவையும் வாசனைதான். ரோஜா, லாவெண்டர், ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் இவை தானாகவே இருக்கும். 'இயற்கை' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். பாட்டி தந்த பன்னீருக்கும் இதே கதைதான்!

ஒரு கம்பெனியின் ஒரு பொருளில் வாசனை இல்லை என்பதால் மற்றதிலும் இருக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. கிளென்சர் (ஃபேஸ்வாஷ்)

சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 வரை போகும். நம் தோலுடையது 5 பக்கம். அதனால் சோப்பு வேண்டாம். செட்டாஃபில் ஜென்டில் மாதிரியான கிளென்சரில் நுரை அதிகம் வராது, அழுக்கு போகவில்லையோ என்று தோன்றும். போகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் அதைத் தண்ணீரில்லாமல் தடவி, மெல்லிய துணியால் துடைத்தும் எடுக்கலாம்.

3. சோதனை

சின்ன ட்யூபாக வாங்குங்கள். முழங்கை உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும், 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். கழுவிவிடும் பொருளானால் 5 நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கினால் எது கடித்தது என்றே தெரியாது.

4. டே க்ரீம்

எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்) போட்ட டே க்ரீம் எனக்குப் பிடிக்காது. அந்த எஸ்பிஎஃப் அளவைத் தோலில் சதுர செ.மீ.க்கு 2 மி.கி. தடவித்தான் கணக்கிடுகிறார்கள், க்ரீமை யார் அவ்வளவு அப்புகிறார்கள்? கிளிசரின், செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு) உள்ள சாதாரண மாய்ஸ்சரைசர், மேலே எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். இரண்டும் தனித்தனி. வியர்வையோடு வழிந்து கண் எரிந்தால் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீனுக்கு மாறிப் பாருங்கள். அப்புறம், வாய் அகன்ற டப்பாவைவிட ட்யூபே மேல். விரல் உள்ளே போகாது.

பிற்சேர்க்கை: "வாங்கியது மாவு நெடி அடிக்கிறது, கெட்டுவிட்டதா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அப்படியென்றால் அது மூலப்பொருளின் நெடி, பயமில்லை. நடுவில் நெடி மாறினாலோ, நீர் தனியாகப் பிரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். லேபிளில் மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் '12எம்' என்றிருந்தால், திறந்த பின் 12 மாதம் வரை பயன்படுத்தலாம்.