சர்க்கரை நோய் வருமா? வீட்டுத் திண்ணையிலேயே மதிப்பெண் போடும் முறை

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றாலே பேரணி, தட்டி, மைக் என்று முடித்துவிடுகிறோம். அதைவிட, நோய் யாரை நெருங்குகிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது உருப்படியான வேலை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட அபாய மதிப்பெண் முறை இதற்குப் போதும். ரத்தம் எடுக்க வேண்டாம். மூன்று கேள்வியும் ஒரு தையல் டேப்பும்தான்.

1. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டு, சர்க்கரைப் பரிசோதனைக்கு எப்போது வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் போனால், மடியில் சுளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றும் அக்காமாரை எழுப்பாதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். பக்கத்தில் உட்கார்ந்தே கேளுங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த மதிப்பெண் தேவையில்லை.

3. வயது 35க்குக் கீழ் 0, 35–49க்கு 20, 50 முதல் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. உடற்பயிற்சி, கடும் உழைப்பு இரண்டும் உண்டென்றால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30.

4. சொதப்புவது இடுப்பளவில்தான். பெண்களுக்கு மாணவிகளே அளக்க வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் டேப்பைச் சுற்றினால் அளவு கூடிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டதும் அளவெடுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் அண்ணாச்சியிடம் மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுங்கள், தானாகத் தளர்ந்துவிடுவார். பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் 0, 80–89க்கு 10, 90 முதல் 20. ஆண்களுக்கு இந்த எல்லைகளோடு 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

5. கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். 52 வயதுப் பெண், இடுப்பு 92 செ.மீ., உட்கார்ந்தே வேலை, நடைப்பயிற்சி கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் 90. தினமும் நடந்து, இடுப்பும் 90க்குக் கீழே இறங்கினால் 70 ஆகும். அப்போதும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்; “நடந்தால் போதும்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

“உங்களுக்கு சுகர் இருக்கு” என்று மட்டும் வாய்தவறியும் சொல்லக் கூடாது. “வர வாய்ப்பு கூடுதல், ஒரு தடவை பார்த்திருவோம் சித்தி” என்று சொல்லி, போக வேண்டிய நாளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். “எனக்கு ஒரு சீக்கும் இல்லட்டி” என்று பதில் வரும். பரிசோதனை நாளன்று காலையில் போய்க் கூட்டிக்கொண்டு போனால்தான் வருவார்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால், காபி குடிக்கும் முன்பே போய்விடுங்கள்.