கழுத்தில் வெள்ளை வளையத்தோடு செத்த இறால்கள்

40 லிட்டர் மீன் தொட்டி, ஜாவா பாசி, 8 எம்பர் டெட்ரா மீன், 20 செர்ரி இறால். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் இறால்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டாகச் செத்துக்கொண்டே இருந்தன, மனசே கேட்கவில்லை. செத்த ஒன்றை வெளிச்சத்தில் பார்த்தேன்: தலைக்குப் பின்னால் வெள்ளை வளையம், ஓடு அங்கே பிளந்து உரிய முடியாமல் நின்றிருந்தது. சுத்தம் என்று நம்பி வாராவாரம் பாதித் தொட்டியை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் மாற்றியதுதான் தப்பு, இறால் ஓட்டைச் சரியாக உரிக்கத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் அதில் கிட்டத்தட்ட இல்லை.

அப்புறம் போர் தண்ணீரை ஆர்.ஓ.வோடு கலந்து, கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) மெதுவாக 7 டிகிரிக்கு வரும்படி, வாரம் 4 லிட்டர் மட்டும், காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு மாதமாக ஒன்றும் சாகவில்லை. நேற்று ஒரு பெண் இறால் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகளை வைத்துக்கொண்டு காலால் விசிறிக்கொண்டிருந்தது.