ஊட்டி டூ பைக்காரா: சைக்கிள்ல ஒரே நாள்ல போயிட்டு வர்றது எப்படி

ஆத்தோரமா சைக்கிள் டூர்னு சொன்னாலே நம்ம மண்டைக்குள்ள காவிரிக்கரை ரோடுதான் ஓடும். ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, ரோடு மட்டமா போய்ட்டே இருக்கும். நீலகிரில அந்தக் கதையே கிடையாது. இங்க ஆறு பள்ளத்துல கிடக்கும், ரோடு மேட்டுல வளைஞ்சு வளைஞ்சு போகும், ரெண்டும் சந்திக்கிற எடத்துக்குப் போய்ச் சேர்றதுதான் டூரே.

முக்குருத்தி மலைப்பக்கம் பொறக்குற பைக்காராதான் இந்த மாவட்டத்துலயே பெரிய ஆறு. இங்கத்த பழங்குடி மக்களான தோடர்களுக்கு இது புனிதமான ஆறு. கீழ இறங்குனதும் மோயாறுன்னு பேர் மாறி பவானிசாகர்ல போய் பவானியோட சேர்ந்துரும், 1932-லயே இந்தத் தண்ணில கரண்ட் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்த ஆத்தை ரோடு சந்திக்கிற எடத்துக்கும் பேரு பைக்காராதான், அங்க ஒரு ஃபால்ஸும் இருக்கு. ஊட்டிலருந்து கூடலூர் ரோட்டுல 20 கிலோமீட்டர் சொச்சம், போக வர 42ன்னு வச்சுக்கோங்க.

"42 தானே, கோயமுத்தூர்ல காலைல டிபனுக்கு முன்னாடியே ஓட்டிருவேன்"னு நினைச்சீங்கன்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன். மலைல கிலோமீட்டரைப் பாக்காதீங்க, ஏத்தத்தைப் பாருங்க. ஊட்டி 2240 மீட்டர் உயரத்துல இருக்கு, பைக்காரா அதைவிடக் கீழ. அதாவது போறப்ப மொத்தத்துல இறக்கம், வர்றப்ப ஏத்தம், தெம்பா இருக்கும்போது ரோடு உங்களைத் தாலாட்டும், தெம்பு தீர்ந்தப்புறம்தான் கணக்கு கேக்கும்.

1. எப்போ போறது

ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் வேண்டவே வேணாம், தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம்தான் வெளுத்து வாங்கும். ஏப்ரல் மே சீசன்ல மழையைவிட மோசம், கார் கூட்டம். டிசம்பர் ஜனவரில போகலாம், ஆனா வழில வர்ற தலைகுந்தா பக்கம் காலைல புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், வெயில் நல்லா அடிச்சப்புறம் கிளம்புங்க. என்னைக் கேட்டா பிப்ரவரிதான் பெஸ்ட்டு, அதுவும் சனி ஞாயிறு இல்லாத நாளா பாத்து.

2. சைக்கிளை ரெடி பண்றது

கியர் சைக்கிள் கட்டாயம். முன்னாடி சின்ன பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம், இந்த கியர் சிக்காம சுத்தமா விழுதான்னு மொத நாளே பாத்துருங்க, ஏன்னா நாள் பூரா அதுலதான் இருக்கப்போறீங்க. பிரேக் கட்டை தேஞ்சிருந்தா யோசிக்காம மாத்துங்க. ஸ்பேர் ட்யூப் ஒண்ணு, டயர் லீவர், கைப்பம்ப்பு, பஞ்சர் கிட், ஆலன் கீ செட்டு. பின்னாடி மினுக்குற சிவப்பு லைட்டு பகல்லயும் வேணும், மேகம் இறங்குச்சுன்னா பத்தடி தள்ளி வர்ற வண்டிக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. ஹெல்மெட் பத்தி தனியா சொல்லணுமா என்ன.

3. துணி, தண்ணி, தீனி

கீழருந்து வாங்கிட்டு வந்த சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்ததும் பலூன் மாதிரி உப்பிக்கும், பாத்திருப்பீங்க. காத்து அழுத்தம் அவ்வளவு கம்மி, கடல் மட்டத்துல இருக்குறதுல முக்கால் பங்குதான். அதனால மூச்சு வாங்கும், பயப்படாதீங்க, முடிஞ்சா மொத நாளே வந்து தங்கிருங்க, உடம்பு கொஞ்சம் பழகும்.

ஏத்தத்துல வேர்க்கும், இறக்கத்துல அதே வேர்வை ஐஸ் ஆகும். அதனால தடி ஸ்வெட்டர் ஒண்ணுக்குப் பதிலா மெல்லிசா ரெண்டு மூணு போட்டுக்கோங்க, மேல காத்து புகாத ஜாக்கெட். ஜாக்கெட் இல்லையா, இறக்கத்துக்கு முன்னாடி பழைய நியூஸ்பேப்பரை மடிச்சு சட்டைக்குள்ள நெஞ்சுல வச்சுக்கோங்க, சிரிக்காதீங்க, அப்படி வேலை செய்யும். கையுறை மறக்காதீங்க, விரல் விறைச்சா பிரேக் புடிக்க முடியாது.

நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, வழில வாங்கிக்கலாம்னு நம்பி வராதீங்க. ரெண்டு லிட்டராவது சொந்த பாட்டில்ல எடுங்க, அதுல ஒண்ணுல உப்பு சர்க்கரை கலந்துருங்க. தீனிக்கு கடலை மிட்டாய், வாழைப்பழம், அப்புறம் ஊட்டி வர்க்கி, அந்த மொறுமொறு பிஸ்கட். பசிச்சப்புறம் சாப்டலாம்னு இருக்காதீங்க, முக்கா மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது வாயில போடுங்க.

4. போறது

பிங்கர்போஸ்ட் தாண்டி, மூடிக்கிடக்குற எச்பிஎஃப் (போட்டோ ஃபிலிம் செஞ்ச) ஃபேக்டரி பக்கமா தலைகுந்தா வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர். இந்த இறக்கத்தை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, சாயங்காலம் இதுல ஏறணும். தலைகுந்தாவுல ரோடு பிரியும், வலது பக்கம் கல்லட்டி, 36 கொண்டை ஊசி வளைவு, அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க. கூடலூர் ரோட்டைப் புடிங்க. பைன் மரக்காடு, காமராஜ் சாகர் அணை, அப்புறம் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல்னு பச்சைப் புல்வெளி மேடு மேடா வரும். எல்லாம் ஊட்டிலருந்து மைல் கணக்குல வச்ச பேரு, அதுவே உங்களுக்கு மீட்டர் மாதிரி. எனக்கு இந்த வழில அணையைவிட ஃபால்ஸைவிட ஒன்பதாவது மைல்தான் புடிக்கும், ஆனா அங்கயே ஒரு மணி நேரம் உக்காந்துட்டீங்கன்னா பிளான் காலி.

ஏத்தம் தெரிஞ்சதுமே கியரைக் குறைங்க, பாதி ஏத்தத்துல அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்துனா செயின் கழண்டுரலாம். இறக்கத்துல பிரேக்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே போகாதீங்க, சூடேறி புடிக்காம போயிரும். புடிச்சு விட்டு, புடிச்சு விட்டு, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுருங்க. மேல ஏறுற வண்டிக்குத்தான் இறங்குறவன் வழி விடணும், இது மலை ரோட்டு சட்டம். காட்டெருமை நின்னுச்சுன்னா பெல் அடிக்காதீங்க, போட்டோ எடுக்கக் கிட்டப் போகாதீங்க, நல்லா தள்ளி நில்லுங்க, அதுவா போகும்.

மணிக்கு பத்து கிலோமீட்டர்னு வச்சாலே போதும், எட்டு மணிக்குக் கிளம்புனா பத்தரைக்கு பைக்காரா. ஃபால்ஸ் ஒரே குதியா விழாது, படிப்படியா வந்து கடைசி ரெண்டு மட்டும் 55 மீட்டர், 61 மீட்டர். தண்ணில இறங்காதீங்க, பாறை வழுக்கும்.

5. திரும்புறது

இதுதான் முக்கியம். பைக்காரா தாண்டுனதும் நடுவட்டம் பக்கம் ரோடு கீழ இழுக்கும், அவ்வளவு சுகமா இருக்கும். மொத தடவை அந்த சுகத்துல நான் பத்து கிலோமீட்டருக்கு மேல இறங்கிட்டேன், நடுவட்டத்துல டீ குடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா மேல முழுக்க மேகம், கால் ரெண்டும் கல்லு. கடைசில கேரட் மூட்டை ஏத்திட்டு வந்த பிக்கப்காரர் ஒருத்தர் பாவம் பாத்து சைக்கிளை மூட்டை மேல போட்டு ஊட்டில இறக்கி விட்டாரு. காசு வாங்கல, ஆனா வழி பூரா சிரிச்சாரு. இத்தனைக்கும் கூடலூர் வரைக்கும் போகலாமான்னு வேற யோசிச்சிருந்தேன், அது ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல கீழ!

அதனால எவ்வளவு தெம்பா இருந்தாலும் பைக்காராவுல சாப்பாட்டை முடிச்சுட்டு 12 மணிக்கு ஹேண்டிலைத் திருப்பிருங்க. மத்தியானத்துக்கு மேல மேகம் எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. வர்றதுக்கு மூணு மணி நேரம் வச்சுக்கோங்க. தலைகுந்தாவுல ஒரு டீ, மிச்சம் இருக்குற வர்க்கி, அப்புறம் அந்த கடைசி ஏத்தம். முடியலையா, இறங்கித் தள்ளுங்க, நானே பாதி தடவை தள்ளிட்டுத்தான் வர்றேன். ரூமுக்கு வந்ததும் படுக்கைல விழுறதுக்கு முன்னாடி செயினை மட்டும் பழைய துணியால துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுருங்க, மலை ஈரத்துக்கு ஒரே ராத்திரில துரு ஏறிரும்.