பழைய டீசல் பிக்கப்பில் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

விடியற்காலை மூன்று மணிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வண்டி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் போனால், வயிறு கலங்கிவிடும். ஐடிலில் வண்டி குலுங்கும். நாலு அடி சீராக விழ வேண்டிய இடத்தில் ஒன்று விட்டுப்போகும். மேடு வந்தால் இழுக்காது. ஒர்க்‌ஷாப் போனால் முதல் பேச்சே "பம்ப்பை இறக்கிப் பார்த்துடலாம்" என்பதுதான். சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பைத்தான் சொல்கிறார்கள். அதற்கு உடனே சம்மதிக்காதீர்கள். என் வண்டிக்கு அப்படித்தான் பம்ப் வேலை பார்த்தோம், கை நிறையச் செலவழித்தோம், மிஸ்ஸிங் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் டீசல் ஃபில்டர் மேலே இருந்த ஒரு செம்பு வாஷர்தான் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.

இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு. 2017-ல் பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க வந்த பிறகு வெளியான பிக்கப்புகளில் பெரும்பாலானவை காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. அதில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஓடும். அந்த பைப்பை இன்ஜின் ஓடும்போது கழற்றவே கூடாது.

முதலில் புகையைப் பாருங்கள்

கண் எரியும் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

டீசல் வரும் வழி

ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். அப்புறம், ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாக, டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி மாதிரியான டியூப் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு, ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்துவிட்டு வண்டியை ஓட விடுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் குமிழி வருவது சகஜம். அதற்குப் பிறகும் கடுகு கடுகாக விடாமல் ஓடினால் எங்கோ ஏர் பிடிக்கிறது. காற்று உள்ளே போகும் இடத்தில் டீசல் வெளியே கசியாமலும் இருக்கலாம். அதனால்தான் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செம்பு வாஷர்களைப் புதிதாக மாற்றி, ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள். என் வண்டி இங்கேயே சரியாகிவிட்டது.

எந்த சிலிண்டர்?

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்படாதீர்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) இன்ஜின் ஹெட்டோடு சேரும் நாலு இடத்திலும் விரல் நுனியால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் சிலிண்டரில் சொட்டு 'சுர்' என்று ஆவியாகும். செத்த சிலிண்டரில் அப்படியே வழிந்து இறங்கும். இதைக் காமன் ரெயில் வண்டியிலும் செய்யலாம்.

உறுதிப்படுத்த அடுத்த சோதனை. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) முனையில் இருக்கும் பைப் நட் மேல் ஒரு துணியைப் போர்த்தி, ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 நம்பர் சரியாக இருக்கும். நட் இடுக்கில் டீசல் நுரைத்து வரும். சத்தம் சட்டென்று விழுந்து வண்டி இன்னும் குலுங்கினால் அந்த சிலிண்டர் நல்லது. இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், அதுதான் ஆள். நாலையும் தளர்த்தும்போது ஒரே மாதிரி சத்தம் விழுந்தால் சிலிண்டரில் குறையில்லை, திரும்ப டீசல் வழிக்கே போங்கள்.

ஒரு எச்சரிக்கை: பீய்ச்சும் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே இழக்க வைக்கும். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரி.

நாசிலா, கம்ப்ரஷனா?

3-ம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஆறிய பிறகு 3-ம் நாசிலையும் 2-ம் நாசிலையும் கழற்றி இடம் மாற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழைய செம்பு வாஷரை மறக்காமல் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். பழையதன் மேலேயே புதியதை வைத்தால் நாசில் உயரம் மாறிவிடும். இப்போது மிஸ்ஸிங் 2-க்குப் போனால் நாசில்தான் கெட்டது. சோதனை பெஞ்ச் இருக்கும் கடையில் கொடுத்து, ஸ்ப்ரே பனிப்புகை மாதிரி விழுகிறதா, முனையில் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

3-லேயே நின்றால் முதலில் டேப்பட் (வால்வு) இடைவெளியை மேனுவல் அளவுப்படி வையுங்கள். பிறகு டீசலுக்கான கேஜ் வைத்துக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, பாருங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு) மேல் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வரவும் கூடும். நாலிலும் கம்ப்ரஷன் சரி, நாசிலும் சரி, டீசலில் காற்றோ தண்ணீரோ இல்லை என்றால், இப்போது தாராளமாகப் பம்ப்பை இறக்குங்கள். எந்த சிலிண்டர், எதையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று ஒரு தாளில் எழுதி, பம்ப்போடு சேர்த்துக் கடையில் கொடுங்கள்.

வேலை முடிந்து லோடோடு ஒரு நடை போய்வந்ததும் எல்லா பைப் நட்டையும் துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் நட்டை இன்னும் ஒரு பிடி இறுக்க வேண்டியிருக்கும்.