கரும்பின் குருத்து முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது?

தைப்பொங்கலுக்கு வாங்கும் கரும்பில் நுனிப்பக்கத்துக் கணுக்களை வெட்டி நட்டு வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் முற்றம் என்று சொல்வதே கூடுதல். மதிலோரம் நாலு புதர் நிற்கும், அவ்வளவுதான். தையில் நட்டது, வைகாசி மழை பிடிக்கும்போது நாலு மாதப் பயிர். குருத்தை முறுக்க வைக்கும் பொக்கா போங் நோய்க்குப் பிடித்த பருவமும் அதுதான், மூன்று முதல் ஏழு மாதம் வரை.

இது பியூசாரியம் என்ற பங்கசால் வருவது. 1896இல் ஜாவாவில் முதன்முதலாகப் பதிவானது. பெயரும் ஜாவா மொழிப் பெயர், நுனி உருக்குலைந்தது என்று பொருள். (சிலர் ‘போயிங்’ என்று எழுதுவார்கள். விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நீண்ட காலம் சில்லறை நோயாகக் கிடந்தது, இப்போது இந்தியா, சீனா போன்ற நாடுகளின் தோட்டங்களில் தலைதூக்கியிருக்கிறது.

படி 1: குருத்தை விரித்துப் பாருங்கள்

கீழ் இலைகளை விடுங்கள். காற்றில் வரும் வித்திகள் மழைநீரோடு குருத்துக்குள் இறங்கித்தான் வேலையைத் தொடங்குகின்றன. இளம் இலையை மெல்ல விரித்தால், தண்டோடு சேரும் அடிப்பகுதி மட்டும் வெளிறி, சுருக்கம் விழுந்து, ஒடுங்கியிருக்கும். பிழிந்த ஈரத்துணி போல இலை முறுகியும் நிற்கும். இலை முழுக்க நரம்புகளுக்கிடையே நீளக்கோடாக மஞ்சளித்திருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

படி 2: எவ்வளவு தூரம் போய்விட்டது?

வெளிறலும் முறுக்கும் மட்டும் என்றால் பதற வேண்டாம், பல பயிர்கள் தாமாகவே தேறிவிடும். அப்புறம் வெளிறிய இடத்தில் செம்பழுப்புக் கோடுகள் வரும். நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வந்து, அடி அழுகி நாறினால் அந்தத் தண்டு முடிந்தது. தோகையை உரித்தும் பாருங்கள்: தண்டில் கத்தியால் கீறியது போலக் குறுக்கு வெட்டுகள், ஏணிப்படி மாதிரி, இருக்கலாம்.

படி 3: வெட்டுவதும் விடுவதும்

நுனி அழுகிய தண்டை அடியோடு வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். ஒவ்வொரு தண்டுக்கும் பிறகு கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். முதற்கட்டத்தில் உள்ளதற்கு யூரியாவை நிறுத்தி, தண்ணீர் தேங்காமல் பார்த்தால் போதும். நான் ஒருமுறை வெளிறலைப் பசளைக் குறைவென்று நினைத்து யூரியாவை அள்ளிப் போட்டேன். யூரியா தரும் தழைச்சத்து (நைதரசன்) கூடினால் இந்த நோய் இன்னும் கொண்டாடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

படி 4: மருந்து

இந்தியாவில் கார்பன்டாசிம் என்ற பங்கசுகொல்லியை லீட்டருக்கு 1 கிராம் வீதம், 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தெளிப்பார்கள். நாலு புதருக்கு, அதுவும் பிள்ளைகள் கடித்துத் தின்னும் கரும்புக்கு, நான் தெளிக்க மாட்டேன். செவனகல, பெல்வத்தைப் பக்கம் ஏக்கர் கணக்கில் செய்பவர்கள் உடவளவையில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுவிட்டு மருந்தைத் தொடுங்கள்.

படி 5: அடுத்த தைக்கான கரணை (நடும் துண்டு)

நோய் வந்த புதரிலிருந்து கரணை எடுக்காதீர்கள், தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் சரி. வாங்கும் கரும்பிலும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பு ஓடியிருந்தால் அதைப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், மண்ணில் நட வேண்டாம்.