மருல்லுஸின் வாழ்க்கையை எழுதப் போகிறவர்களுக்கு

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் லத்தீனில் எழுதிய கிரேக்கக் கவிஞர், படைவீரர் மிக்கேல் மருல்லுஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கை தானாக அவர் சாவுக்குத்தான் போகும். 1500 ஏப்ரலில் இத்தாலியின் வோல்தேரா நகரிலிருந்து கிளம்பியவர், வெள்ளம் பெருகிய செச்சினா ஆற்றைக் குதிரையில் கடக்கும்போது மூழ்கிப்போனார். தயவுசெய்து அதை முதல் பத்தியில் வைக்காதீர்கள். வைத்தால் படிப்பவர் மனதில் ஆறு நிற்கும், அவர் செய்த வேலை நிற்காது.

பிறப்புக்கு அவர் கவிதையையே கேளுங்கள். 1453இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தபோது தாய் வயிற்றில் கருவாக இருந்ததாக, நாடிழந்ததைப் பாடும் கவிதையில் சொல்கிறார். இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசாவில் அகதிப் பிள்ளையாக வளர்ந்து, கூலிப்படைக் குதிரைவீரர் ஆனார். கருங்கடல் பக்கம் பட்டாளத்தில் இருந்ததற்கும் அவர் பாட்டுகள்தான் சாட்சி. அங்கெல்லாம் 'என்று அவரே பாடுகிறார்' என்று எழுதுங்கள். போர்க்களங்களை நீங்களாக நிரப்ப வேண்டாம். வாளை வைத்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தார் என்றும் எழுதிவிடாதீர்கள். இத்தாலியிலும் இரண்டும் சேர்ந்தே ஓடின.

1497இல் ஃபிளாரன்சில் அவருடைய துதிப்பாடல்களும் குறுங்கவிதைகளும் அச்சேறின. அதை நடுத்தூணாக வைத்துக்கொள்ளலாம். மனைவி அலெஸ்ஸாந்த்ரா ஸ்காலாவை ஒரு வரியில் முடிக்காதீர்கள்: கிரேக்க நாடகத்தில் நாயகி எலெக்ட்ராவாக நடித்தவர், ஃபிளாரன்ஸ் கவிஞர் போலித்சியானோவுக்குக் கிரேக்கத்திலேயே பதில் கவிதை எழுதியவர்.

நீளமான பகுதியை, 'பொருள்களின் இயல்பு பற்றி' என்ற காவியம் எழுதிய பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரேஷியஸுக்கு ஒதுக்குங்கள். 1417இல் பழஞ்சுவடி தேடிய இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ கண்டெடுத்த அந்த லத்தீன் காவியம், பிரதி எடுத்தவர்கள் கையில் பிழை மண்டிக் கிடந்தது. சீர் தட்டும் வரி, பொருள் அறுந்து நிற்கும் வரி, இடம் மாறி உட்கார்ந்த வரி. கிரேக்கம் பேசிப் பிறந்த இந்தப் படைவீரர் அவற்றை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார். தன் பெயரில் பதிப்பு கொண்டுவர அவருக்கு ஆயுள் இல்லை. அவர் திருத்தங்கள் 1512 என்று தேதியிட்ட ஃபிளாரன்ஸ் ஜூந்தா அச்சகப் பதிப்பில், அதன் பதிப்பாசிரியர் பியெத்ரோ கான்திதோ வழியாக வெளிவந்தன.

அந்தக் காவியத்தின் இன்றைய ஆய்வுப் பதிப்பு ஒன்றில் பக்கத்தின் அடியில் உள்ள பாடபேதக் குறிப்புகளை, அதாவது ஒரே வரிக்கு உள்ள வேறு வேறு வாசிப்புகளையும் திருத்தியவர் பெயரையும் தரும் குறிப்புகளைப் பாருங்கள். வரி எண்ணுக்குப் பக்கத்தில் 'மருல்லுஸ்' என்று திரும்பத் திரும்ப வரும். எனக்கு அவர் மேல் இவ்வளவு பற்று வந்தது அந்தப் பொடி எழுத்துகளால்தான். இரண்டு மூன்று வரிகளைத் தேர்ந்து, பழைய பாடத்தையும் அவர் பாடத்தையும் அடுத்தடுத்து வைத்து, பொருள் எங்கே திறக்கிறது என்று விளக்குங்கள். லத்தீன் யாப்பு தெரிந்த ஒருவரிடம் அந்த வரிகளை மட்டுமாவது வாசித்துக் காட்டிய பிறகு வெளியிடுங்கள்.